மலைவீட்டு சக்குலென்ட்டும் சாறு உறிஞ்சும் பூச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் வீட்டு முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, பதினொரு வருடமாக சக்குலென்ட் (இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடி) வளர்த்து விற்கிறேன். மே மாதம் எங்கள் ஊர் காய்கறிக் கண்காட்சி, ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி என்று மலை முழுக்கக் கூட்டம் இருக்கும். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று சின்னத் தொட்டி வாங்கிப் போவார்கள். உள்ளூர்க்காரர்களும் வாங்குவார்கள். ஜூலை பிறந்து மூடுபனி இறங்கியதும் கைபேசிக்குப் படங்கள் வர ஆரம்பிக்கும். "அக்கா, இலை இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கு, என்ன அடிக்கட்டும்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. பூச்சிக்கு என்ன அடிக்கலாம் என்று நமக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள் சமவெளிக்குச் சொன்னவை. கோவையில் காலையில் தெளித்தால் பத்து மணிக்குள் இலை காய்ந்துவிடும். இங்கே ஆடி மாதம் தெளித்தால் மறுநாளும் காயாது. நான் பார்த்தவரை பூச்சியால் செத்த செடிகளைவிட, பூச்சிக்கென்று தெளித்த ஈரத்தில் அழுகிச் செத்த செடிகள்தான் இங்கே அதிகம்.

இலையில் வெள்ளையாக இருந்தாலே மாவுப்பூச்சிதானா?

இல்லை. எனக்கு வரும் படங்களில் கணிசமானவை பூச்சியே இல்லாத செடிகள்.

எச்செவெரியா, சில செடம், சில கலங்கோ வகைகளில் இலை மேல் இயற்கையாகவே ஒரு வெண்பூச்சு இருக்கும். திராட்சைப் பழத்தின் மேல் இருக்குமே, அதுபோல. வெயிலில் இருந்து இலையைக் காக்கச் செடியே போர்த்திக்கொள்ளும் மெழுகு அது. இலை முழுக்கச் சீராகப் படிந்திருக்கும், விரல் பட்டால் ரேகை விழும். அதைத் துடைத்துவிட்டால் அந்த இலையில் திரும்ப ஒழுங்காக வராது. பூச்சி என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டு, "செடி நிறம் மாறிடுச்சு" என்று வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர்.

ஜேட் செடியின் இலை ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் உப்பு. இலைத் துளைகள் வழியே கசிந்த நீர் காய்ந்து நிற்பது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

மாவுப்பூச்சி சீராகப் படியாது. இலை தண்டோடு சேரும் இடுக்கில், குருத்தின் நடுவில், இலையின் அடிப்பக்கத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு பல்குச்சியால் அந்தத் திட்டைக் கிளறிப் பாருங்கள். பஞ்சு நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே அரிசிக் குருணையில் பாதி அளவுக்கு, நீள்வட்டமாக, ஓரமெல்லாம் மயிரிழை போன்ற மெழுகு நீட்டல்களோடு ஒன்று மெல்ல நகரும். நசுக்கினால் மஞ்சளோ இளஞ்சிவப்போ கலந்த ஈரம் குச்சியில் ஒட்டும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

கொங்கு நாட்டில் இதைக் கள்ளிப்பூச்சி என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். பருத்தியில், பப்பாளியில், மரவள்ளியில் வரும் மாவுப்பூச்சியையும் கள்ளிப்பூச்சி என்றே சொல்வார்கள். கள்ளியை அழித்த கொச்சினீல் பூச்சியும் பார்க்க இப்படியேதான் இருக்கும், பேர் அதிலிருந்து வந்திருக்கலாம். சப்பாத்திக்கள்ளி சமவெளியில் காடாகப் படர்ந்து நிலங்களை மூடியிருந்த காலம் உண்டு. 1926இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியில் ஒரு வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கள்ளியை உறிஞ்சியே அடக்கிவிட்டது. கொச்சினீலை நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாயம் வரும், அதுதான் அடையாளம். நீங்கள் தட்டைக் கள்ளி வளர்த்து, அதில் வெள்ளைப் பஞ்சுக்குள் அந்தச் சிவப்பு தெரிந்தால் பாதித்த மடலை அப்படியே வெட்டி எடுத்துவிடுங்கள்.

குளிர் ஊரில் பூச்சி குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

பெருகும் வேகம்தான் குறைவு, பூச்சி குறைவில்லை. ஒரு பெண் மாவுப்பூச்சி தன் பஞ்சுப் பைக்குள் முந்நூறு முதல் அறுநூறு முட்டை வரை இடும். சமவெளி வெக்கையில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்து, மாதத்துக்கு ஒரு தலைமுறை முடிந்துவிடும். நம் ஊர்க் குளிரில் எல்லாமே இழுத்துக்கொண்டு போகும். இது நல்லதுதானே என்று தோன்றும். சிகிச்சை செய்யும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். "வாரம் ஒருமுறை, மூன்று வாரம் செய்தால் போதும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. மூன்றாவது வாரம் செடி சுத்தமாக இருக்கும். நாம் நிறுத்திவிடுவோம். ஐந்தாவது வாரம் தாமதமாகப் பொரிந்த குஞ்சுகள் வெளியே வரும். டிசம்பர், ஜனவரியில் நான் எட்டு வாரம் விடாமல் பார்க்கிறேன்.

இன்னொன்று, நம் வீடுகளின் வெளிச்சம். மூடுபனி மாதங்களில் ஜன்னலோரம் கூட சக்குலென்ட்டுக்கு வெளிச்சம் பற்றாது. செடி வெளிறி, இலைக்கு இலை இடைவெளி விட்டு நீண்டு, தண்டு இளசாகிவிடும். சாறு உறிஞ்ச வரும் பூச்சிக்கு அது வசதி. பாவம் என்று அதற்கு மேல் உரத்தையும் போட்டுவிட்டால் இன்னும் இளசாகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர், நவம்பரிலும் உரப் பாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள்.

கண்டுபிடித்துவிட்டேன். முதல் வேலை என்ன?

அந்தத் தொட்டியை மற்றவற்றில் இருந்து பிரித்து வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். மருந்து, கரைசல் எல்லாம் அப்புறம். முட்டையில் இருந்து வரும் குஞ்சு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது, ஆனால் நன்றாக நடக்கும். இலையும் இலையும் உரசும் இடம் அதற்குப் பாலம். பக்கத்தில் இருந்த தொட்டிகளையும் அன்றைக்கே ஒவ்வொன்றாகத் தூக்கி, இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

சரி, எப்படிக் கொல்வது?

கையால்தான். மெடிக்கல் ஷாப்பில் எழுபது சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். குழந்தைகள் படம் வரையும் தூரிகையில் இரண்டாம் நம்பர் ஒன்று, காது குடையும் பட்ஸ் கொஞ்சம், கைபேசியின் டார்ச், இவ்வளவு போதும்.

தூரிகையை ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாத அளவுக்கு உதறிவிட்டுப் பூச்சியின் மேல் வையுங்கள். தேய்க்க வேண்டாம், ஒரு நொடி அழுத்தினால் போதும். வெள்ளை மெழுகு கரைந்து, பூச்சி உடனே பழுப்பாக, ஈரப்பொட்டாகத் தெரியும். மெழுகு போனால் அது பிழைக்காது. பிறகு பட்ஸால் ஒற்றி எடுங்கள். எச்செவெரியாவின் ரோஜாப்பூ அடுக்குக்குள் தூரிகை நுனி போகும், பட்ஸ் போகாது. அதனால்தான் தூரிகை. கீழடுக்கில் காய்ந்து சருகான இலைகளை முதலில் பிய்த்து எடுத்துவிடுங்கள், பாதிக் கூட்டம் அந்தச் சருகுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஒரு செடிக்கு இருபது நிமிடம் ஆகும். நான் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே செய்வேன்.

வெண்பூச்சு உள்ள இலையில் தொட்ட இடம் கறையாகத் தெரியும். உயிர் பிழைப்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். புதுச் செடி என்றால் ஒரே ஒரு இலையில் தொட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள். கை கழுவும் சானிடைசர் ஜெல் வேண்டாம், அதிலுள்ள பிசுபிசுப்பு இலையில் தங்கிவிடும். மிக முக்கியமாக, கணப்பு, கரிச்சட்டி, ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஆல்கஹால் குப்பென்று பற்றும். குளிருக்கு நாம் உட்காரும் இடமே அதுதான் என்பதால் சொல்கிறேன்.

வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

தெளிக்கலாம், மாதமும் நேரமும் பார்த்து. ஜனவரி முதல் மே வரை வெயில் நிச்சயமாக வரும் நாட்களில், காலையில் தெளித்து, நேர்வெயில் படாத ஆனால் காற்று ஓடும் இடத்தில் வைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். எண்ணெய்ப் பூச்சோடு நடுப்பகல் வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். மலை வெயில் குளிர்ச்சியாக இருப்பதுபோலத் தோன்றும், சுடுவதென்னவோ சமவெளியைவிட அதிகம்.

மூடுபனி மாதங்களில் வேண்டவே வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் இலை அடுக்குக்குள் குளம்போல நிற்கும், நாலாம் நாள் குருத்தைத் தொட்டால் கையோடு வரும்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து வாங்கிவந்த வேப்பெண்ணெய் இங்கே தேங்காய் எண்ணெய் போல உறைந்துவிடும். "கெட்டுப்போச்சு" என்று கொட்டிவிடாதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் இளகும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி என்று பொதுவாகச் சொல்வார்கள், நான் சக்குலென்ட்டுக்கு மூன்றுக்கு மேல் போவதில்லை. முதலில் எண்ணெயையும் கரைத்த காதி சோப்பையும் பால்போல ஆகும்வரை அடித்துக் கலந்து, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் மறுபடி திரண்டு தெளிப்பானின் வாயை அடைக்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். ஜேட் செடிக்கும் கிரவுன் ஆஃப் தார்ன்ஸ் என்று விற்கும் முட்செடிக்கும் சோப்புக் கரைசலே ஆகாது, அவற்றுக்குத் தூரிகை மட்டும்.

பூண்டு, மிளகாய்க் கரைசல்? அடுப்புச் சாம்பல்?

அவரைக்கும் கத்தரிக்கும் தோட்டத்தில் போடுங்கள். சக்குலென்ட்டில் பூண்டு, மிளகாய்க் கரைசல் மெழுகைக் கரைப்பதில்லை, இலையில் கறைதான் விழும். சாம்பல் ஈரத்தில் குழம்பாகி இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

மேலே சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் செடி வாடுகிறதே?

தொட்டியில் இருந்து செடியை வெளியே எடுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் இதில்தான் நான் ஹவோர்தியா என்ற சக்குலென்ட் வகையில் நாற்பது செடிகளை இழந்தேன்.

சமவெளியில் ஒரு நர்சரியில் இருந்து ஒரு தட்டு வாங்கிவந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. வந்த அன்றே மற்ற செடிகளோடு ஒரே அலமாரியில் வைத்தேன், அது என் தவறு. இரண்டு மாதம் கழித்து இலைகள் சுருங்க ஆரம்பித்தன. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மேலும் சுருங்கின. கடைசியில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், தொட்டியின் உள்சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல நீலம் கலந்த வெள்ளை. வேர்களில் கோலமாவு தூவியதுபோலத் துகள்கள். வேர் மாவுப்பூச்சி. தொட்டியின் அடித்துளை வழியாக, தட்டில் தேங்கிய தண்ணீர் வழியாக, ஒவ்வொரு தொட்டியாகப் போயிருக்கிறது. நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற அதற்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மண்ணில் வெள்ளையாக நூல்போலப் படர்ந்திருந்தால் அது வெறும் பூஞ்சணமாக இருக்கலாம். பெரும்பாலும் கெடுதல் இல்லை. வேர் மாவுப்பூச்சி என்றால் வெள்ளைத் துகளுக்குள் அரிசி நொய் போன்ற உடல் இருக்கும், குச்சியால் தொட்டால் மெல்ல அசையும், நசுக்கினால் ஈரம் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். மண் முழுவதையும் உதறி, குழாய்த் தண்ணீரில் வேரை வெறும் வேராகத் தெரியும்வரை கழுவுங்கள். நொந்த வேர், பஞ்சு ஒட்டிய வேர் எல்லாவற்றையும் வெட்டுங்கள். தைரியமாக வெட்டலாம், சக்குலென்ட்டுக்கு வேர் திரும்ப வரும். மீதி வேரில் ஆல்கஹால் தூரிகையால் ஒருமுறை தொட்டு எடுத்து, செய்தித்தாள் மேல் நிழலில் காயவிடுங்கள். சமவெளியில் மூன்று நாள் போதும். இங்கே வெயில் காலத்தில் ஒரு வாரம், மழைக்காலத்தில் பத்து நாள். சமையலறையில் அடுப்புக்கு மேல்தட்டு காய வைக்க நல்ல இடம். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டினால்தான் நட வேண்டும். பழைய மண்ணை எந்தச் செடிக்கும் போடாதீர்கள். தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள், மண் தொட்டியின் துளைகளில் முட்டை தங்கும்.

புதுக் கலவையில் தென்னைநார்க் கழிவு மிகக் குறைவாக இருக்கட்டும். ஆற்று மணலின் பெருவெட்டு, உடைத்த செங்கல், கரித்துண்டு, பெர்லைட் என்று பாதிக்கு மேல் கல்லும் கரியுமாக இருந்தால் நம் ஈரத்துக்குச் சரியாக வரும்.

எறும்பு வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நெருங்கிய சம்பந்தம். மாவுப்பூச்சி, அசுவினி, மெத்தென்ற செதில் பூச்சி எல்லாம் உறிஞ்சிய சாற்றில் இருக்கும் மிச்ச இனிப்பைத் தேன்போலக் கழிக்கும். எறும்பு அதைக் குடிக்க வரும். குடிப்பதோடு நிற்காமல் பூச்சியின் எதிரிகளை விரட்டிக் காவலும் காக்கும். அந்தத் தேன் இலையில் வழிந்தால் கரும்பூஞ்சணம் படியும். இலை பிசுபிசுக்கிறது, கரி பூசியதுபோல இருக்கிறது, எறும்புச் சாரை ஏறுகிறது என்றால் பூச்சி கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறது, தேடுங்கள்.

பாட்டி பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்பாரே, அதே வழிதான். அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். கொசுவும் முட்டையிடாது. அலமாரி சுவரைத் தொடாமல் நான்கு விரல்கட்டை தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் வழியாக ஏறிவிடும்.

மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக, ஆனால் பெரிதாக, வேகமாக ஓடுகிறதே?

அதைக் கொல்லாதீர்கள்! அது பொறிவண்டின் புழு. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுக் குஞ்சம் தொங்க, மாவுப்பூச்சி வேஷம் போட்டதுபோல இருக்கும். மாவுப்பூச்சி நாலைந்து மில்லிமீட்டர்தான், இந்தப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். இதன் சாப்பாடே மாவுப்பூச்சிதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898இல் காபிச் செடியின் செதில் பூச்சிக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெரிதாகப் பயன்படாவிட்டாலும் தென்னிந்தியாவில் மாவுப்பூச்சிகளைத் தின்று நிலைத்துவிட்டது.

நீலகிரிக்கே இப்படி ஒரு கதை உண்டு. 1928இல் இங்கே சீகை (வாட்டில்) மரங்களில் பஞ்சுமெத்தைச் செதில் பூச்சி பரவியிருப்பதைக் கண்டார்கள். அதை அடக்கவும் ஒரு பொறிவண்டைத்தான் வரவழைத்தார்கள். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பாழாக்கியபோதும், 2010இல் வெளியே விட்ட ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது.

வீட்டுக்குள் நாலு தொட்டிக்கு வண்டு வாங்கி விடுவதில் பயனில்லை, ஜன்னல் வழியே பறந்துவிடும். தானாக வந்ததை விட்டுவையுங்கள்.

பூந்தண்டில் பச்சையாக, கூட்டமாக மொய்க்கிறது.

அசுவினி. நம் குளிர் அதற்கு மிகவும் பிடிக்கும். ஆண் இல்லாமலே குட்டி போடும், அதனால்தான் நேற்று நாலு, இன்று நாற்பது. எச்செவெரியாவின் பூந்தண்டை அடியோடு வெட்டிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மனசு வராவிட்டால் தண்டை மட்டும் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், ரோஜாப்பூ அடுக்குக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது.

தண்டில் பழுப்பு மரு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது, நகரவே இல்லை.

செதில் பூச்சி. நகத்தால் நெம்பினால் ஓடு தனியாகக் கழன்று வரும். வடுவாக இருந்தால் வராது. பழைய பல்துலக்கும் பிரஷில் ஆல்கஹால் தொட்டு மெல்லத் தேய்த்து எடுங்கள். ஓட்டுக்குள் மருந்து இறங்காது, அதனால் தெளிப்பது வீண்.

கள்ளியின் மேல்தோல் துருப்பிடித்ததுபோல ஆகிறது.

அடியில் இருந்து மேலே வந்தால் வயதுத் தோல், பயமில்லை. குருத்தில் இருந்து கீழே வந்தால் சிலந்திப்பேன். பூச்சி வகையே இல்லை, எட்டுக் காலுள்ள சிலந்தி இனம். வெள்ளைத்தாளைப் பிடித்துச் செடியைத் தட்டுங்கள், விழுந்த தூசியில் ஏதாவது நடந்தால் அதுதான். பிப்ரவரி, மார்ச் வறட்சியிலும், ஹீட்டர் ஓடும் அறையிலும் வரும். தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டருக்கு இரண்டு கிராம் போட்டால் கட்டுப்படும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் தோல் கருகும்.

கடைக்காரர் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்தார். ஊற்றலாமா?

வேலை செய்யும். வேர் வழியாக ஏறிச் சாற்றோடு கலந்து, உறிஞ்சும் பூச்சியைக் கொல்லும். ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். தேனீக்குக் கொடிய நஞ்சு அது. குறும்பர் பழங்குடியினர் பாறைத்தேன் எடுக்கும் மலை இது. நம் வராண்டாவில் கலங்கோ பூத்தால் தேனீ அதற்கும் வரும். சிலந்திப்பேனை அது கொல்லாது, சில சமயம் பெருகவே வைக்கும். இன்னொரு விஷயம், குளிரில் செடி உறங்கும் மாதங்களில் வேர் குடிப்பதே கொஞ்சம், மருந்து மேலே ஏறாமல் மண்ணிலேயே கிடக்கும். நாம் முகத்துக்குப் பூசும், மோரில் போட்டுக் குடிக்கும் சோற்றுக்கற்றாழைக்கு எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றக் கூடாது.

காப்பாற்ற முடியாத செடியை என்ன செய்வது?

குருத்து நன்றாக இருந்தால் தலையை வெட்டி, நன்றாகப் பார்த்துச் சுத்தம் செய்து, காயவைத்து நடுங்கள். இரண்டு நல்ல இலை கிடைத்தால் கூட அதிலிருந்து புதுச் செடி வரும். மீதியைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் வேண்டாம். வேலிக்கு வெளியே, சோலைப் பக்கம், எஸ்டேட் சரிவில் தயவுசெய்து வீசாதீர்கள். ஒரு இலை போதும் வேர்விட. இன்றைக்கு நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியும் அழகுச் செடியாக வந்ததுதான்.

புதுச் செடியை எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

ஆறு வாரம். வந்த அன்றே தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வாங்கியது என்னிடமாக இருந்தாலும் சரி.

எல்லாம் செய்தும் ஒரே ஒரு செடிக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறதே?

செடியை விட்டுவிட்டு அது இருந்த இடத்தைப் பாருங்கள். தொட்டியின் விளிம்புக்கு அடியில் இருக்கும் மடிப்பு, பெயர் எழுதிச் செருகிய குச்சி, தொட்டித் தட்டின் அடிப்பக்கம், மர அலமாரியின் விரிசல், ஜன்னல் திரையின் மடிப்பு. எனக்கு ஒரு கலங்கோவில் ஐந்து மாதம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தொட்டியைத் தலைகீழாகத் திருப்பி டார்ச் அடித்தேன். அடித்துளையைச் சுற்றி, விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடத்துக்குப் பின்னால், மூன்று பஞ்சுப் பைகள் இருந்தன. சீட்டை உரித்து, அந்த இடத்தை ஆல்கஹாலில் துடைத்தேன். அதற்குப் பிறகு அந்தச் செடியில் வரவில்லை.